மைதானத்துக்கு டிக்கெட் போட்டால் ஆஸ்பத்திரியில்தான் வரிசை நீளும்

1/
இன்னைக்கு மருந்து பத்தி எழுதல. மாநகராட்சி பத்தி. "டாக்டருக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படிச்சிட்டுத் திட்டுங்க. கொஞ்சம் நீளமான இழை.

2/
2024 அக்டோபர் கடைசி வாரம். சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மாநகராட்சிக்குச் சொந்தமான 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைப் பராமரிப்புக்காகத் தனியாரிடம் விடுவது. விளையாட வருபவரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்குவது.

3/
எதிர்ப்பு கிளம்பியது. ஓரிரு நாளிலேயே தீர்மானம் வாபஸ். கட்டணம் இல்லாமல் விளையாடலாம் என்று மாநகராட்சி அறிவித்தது. "அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்பீர்கள். வாபஸ் ஆனது தீர்மானம் மட்டும்தான். "சும்மா கிடக்கிற இடம், நாலு காசு வரட்டுமே" என்ற நினைப்பு வாபஸ் ஆகல. இன்னைக்கு சென்னை, நாளைக்கு உங்க ஊர் நகராட்சி.

4/
கணக்கு போடுங்க. தினம் ஒரு மணி நேரம், மாசம் 25 நாள். 120 × 25 = 3,000 ரூபாய். வீட்டில் ரெண்டு பிள்ளைங்க என்றால் 6,000. வியாசர்பாடி மாதிரி கால்பந்து ரத்தத்தில் ஊறிய ஏரியாவில், தினக்கூலிக்குப் போகும் ஒரு அப்பா இதைக் கட்டுவாரா? பந்தைத் தூக்கிப் பரண்ல போடச் சொல்லுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

5/
இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன். ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டாதவர்களுக்கே மெட்ஃபார்மின் எழுதுவது இப்ப எங்களுக்கு அதிசயமே இல்லை.

6/
5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிஷம் உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரணம் எளிது. ஓடும்போது தசைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்குக்கூட அவ்வளவாகக் காத்திருக்காது. சரி, அந்த 60 நிமிஷத்தை 500 சதுர அடி வாடகை வீட்டில் எங்கே ஓடுவது? மொட்டை மாடி வீட்டு ஓனருடையது. தெரு முழுக்க பைக்.

7/
விளையாடாத பிள்ளைக்கெல்லாம் சர்க்கரை வரும் என்று பயமுறுத்தல. ஆனால் வந்தவர்களில் சிலருக்குக் கடைசியில் கிட்னி போகிறது. வாரம் ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். அதற்கு அரசுக் காப்பீட்டில்தான் பணம் போகிறது. மாநகராட்சிக் கணக்கில் வரவு, சுகாதாரத் துறைக் கணக்கில் செலவு. ரெண்டும் உங்க பாக்கெட்தான்.

8/
"பராமரிப்புக்குக் காசு வேணாமா டாக்டர்?" நியாயமான கேள்வி. புல் தேயும், விளக்கு எரியணும், காவலாளிக்குச் சம்பளம் தரணும். அதுக்குத்தானே வரி? 2022-ல் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏத்தினாங்களே, கட்டினோமே. தெருவிளக்கால எவ்வளவு வருமானம் என்று யாராவது கேட்கிறோமா? போலியோ சொட்டு மருந்துக்கு டிக்கெட் கிழிக்கிறோமா? மைதானமும் அந்த வகைச் செலவுதான்.

9/
சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 74-வது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்த 12-வது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகள் 18. அதில் பொது சுகாதாரம் ஒன்று. பூங்கா, விளையாட்டு மைதானம் இன்னொன்று. ரெண்டும் ஒரே பட்டியலில் இருக்கு. பட்ஜெட் போடும்போது மட்டும் ஏன் ஒன்று சேவை, இன்னொன்று வியாபாரம்?

10/
"இலவசம்" என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது. பாதி நாள் பூட்டு, மீதி நாள் பந்தல், ஓரத்தில் பார்க்கிங் என்றால் அதுவும் மூடின மைதானம்தான். சாயங்காலம் வெளிச்சம் வேணும். தண்ணி வேணும். கழிப்பறை வேணும், அது இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

11/
"கவுன்சிலர்னாலே இப்படித்தான், மன்றமே வேஸ்ட்" என்று மட்டும் சொல்லாதீங்க. 2016 அக்டோபரில் இருந்து 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் மன்றமே கிடையாது. தனி அதிகாரிகள்தான். கொரோனாவையே கவுன்சிலர் இல்லாமல்தான் பார்த்தோம். அப்போ இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் போய்க் கேட்க வார்டில் ஆளே இல்லை. 2024-ல் கேட்க ஆள் இருந்தது. நாளைக்கு ஓட்டு கேட்டு வர வேண்டியவர்கள் என்பதால் பதிலும் வந்தது.

12/
அதனால மூணு வேலை செய்யுங்க.
உங்க வார்டு கவுன்சிலர் பெயரைத் தெரிஞ்சுக்கோங்க.
2022 நவம்பரில் இருந்து நகரங்களிலும் ஏரியா சபை நடக்குது. அடுத்த கூட்டம் எப்போ என்று கேட்டுப் போய் உட்காருங்க.
அங்கே கேளுங்க: நம்ம வார்டில் மைதானம் எத்தனை? அது யார் கையில் இருக்கு? இந்த வருஷ பட்ஜெட்டில் அதுக்கு எவ்வளவு?

13/
"தினம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்க" என்று சீட்டில் நான் எழுதித் தரலாம். மெடிக்கல் ஷாப்பில் அது கிடைக்காது. உங்க தெருமுனை மைதானத்தில்தான் கிடைக்கும். அதை விட்டுடாதீங்க.

பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு அனுப்புங்க.