வார்டன் போட்ட கையெழுத்து பெற்றோரின் சம்மதம் ஆகாது

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பொதுமக்களுக்கு:

பச்சைமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் சென்ற மாதம் ‘இலவச மருத்துவ முகாம்’ என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார்கள் என்று கூலி வேலையை விட்டுவிட்டுப் போனவர்களிடம், அந்தச் சோதனைக்குத் தேவையானதற்கு மேலும் குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்ட பெண்ணுக்கு, “உங்க நல்லதுக்குத்தாம்மா” என்பதே பதில். நீட்டப்பட்ட படிவத்தில் கடைசிப் பக்கம் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் மேலே மடித்து வைத்து, ஊதா மை தடவிக் கைநாட்டு வாங்கினார்கள். விடுதியிலிருந்து வரிசையாக அழைத்துவரப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் இடத்தில் விடுதிப் பொறுப்பாளரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். படிவத்தின் நகல் ஒருவரிடமும் இல்லை. ரத்தத்தின் முடிவும் இன்றுவரை வரவில்லை. விசாரித்தபோதுதான் அது ஓர் ஆய்வுக்காகச் சேகரித்தது என்று தெரிந்தது.

நாங்கள் ஆராய்ச்சிக்கு எதிரிகள் அல்லர். எங்களில் ஆசிரியர்கள் உண்டு, செவிலியர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, மலையாளி, இருளர், நரிக்குறவர் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த பட்டதாரிகளும் உண்டு. மருத்துவ ஆய்வு இல்லாமல் மருந்து இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் முகாம் என்று சொல்லி ஆய்வு நடத்துவது ஏமாற்று. பிள்ளைக்குப் பதிலாக வார்டன் சம்மதிப்பது அதைவிடப் பெரிய ஏமாற்று. இந்த இரண்டாவது ஏமாற்று எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது.

2009ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ‘பாத்’ என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்றை நடத்தியது. 10 முதல் 14 வயதுக்குட்பட்ட சுமார் 24,000 சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோர் பத்ராசலம் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அரசுத் தரப்பு விசாரணை சொன்னது. அதை நாங்கள் மறுக்க வரவில்லை. நாங்கள் கேட்பது, அந்தப் பிள்ளைகளுக்காகச் சம்மதம் சொன்னது யார் என்பதை.

அதற்கான பதில் நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் வைத்த 72ஆவது அறிக்கையில் இருக்கிறது. ஆந்திராவில் பார்க்கப்பட்ட ஒப்புதல் படிவங்கள் 9,543. அவற்றில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். 1,948இல் வெறும் கைநாட்டு. குஜராத்தில் 6,217 படிவங்களில் 3,944 கைநாட்டு. மகள் உடம்பில் ஊசி ஏறுவது தெரியாமலேயே எத்தனை தாய்மார் அன்று வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்? கண்காணிக்க வேண்டிய ஆராய்ச்சிக் கழகத்தையும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளையும் நிலைக்குழு கடுமையாகவே கண்டித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் வார்டனின் கையெழுத்தைப் பெற்றோரின் சம்மதமாக எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. அது இப்போது நம் மாவட்டத்துக்கே வந்திருக்கிறது.

இன்று இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவச எச்.பி.வி. தடுப்பூசி போட, தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோய் கூடுதலாக உள்ள மாவட்டங்கள் என்று முதற்கட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் பெரம்பலூரும் அரியலூரும் இருக்கின்றன. தடுப்பூசியை நாங்கள் வரவேற்கிறோம். நம் பெண் பிள்ளைகளுக்கு அது தேவை, போட்டுக்கொள்ளுங்கள். அரிவாள் செல் சோகையைக் கண்டறிய 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இயக்கத்தின் ரத்தப் பரிசோதனையும் தேவையானதே. ஆனால் அரசின் மருத்துவச் சேவை வேறு, அதன் நிழலில் நுழையும் ஆய்வு வேறு. சேவையின் பலன் உங்களுக்கு. ஆய்வில் உங்கள் ரத்தம் போய்ச் சேருவது இன்னொருவரின் கட்டுரைக்கு. எது எது என்று சொல்லாமல் இரண்டையும் ஒரே மேசையில் நடத்தினால், நாளை உண்மையான தடுப்பூசிக்கும் நம் தாய்மார்கள் கதவைச் சாத்துவார்கள். அந்தப் பழி அவர்களைச் சேராது.

இதே கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக மும்பை, உஸ்மானாபாத், நம் திண்டுக்கல் ஆகிய இடங்களில் வெளிநாட்டு நிதியோடு பெரிய ஆய்வுகள் நடந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பரிசோதனை செய்யப்படாமல் விடப்பட்ட பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் 254 பேர் அந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். அன்று இந்தியாவில் வழக்கமான சிகிச்சையில் அந்தப் பரிசோதனையே கிடையாது என்பது ஆய்வாளர்கள் சொன்ன நியாயம். ஏழைப் பெண்களுக்கு மட்டுமே சொல்லப்படும் நியாயம் அது.

2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பழங்குடியினர் 0.46 சதவீதம், அரியலூரில் 1.42 சதவீதம். எறையூர், மலையப்ப நகர் நரிக்குறவர்கள் அந்தக் கணக்கில்கூட இல்லை. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்ததே 2023 ஜனவரியில்தான். வாக்கு வங்கியாகக்கூட எண்ணப்படாத மக்கள். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடிக் கிராம சபைக்குப் பிற மாநிலங்களில் உள்ள சிறப்பு அதிகாரமும் இங்கே இல்லை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமோ 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கேட்க ஆளில்லை என்று நினைத்துத்தான் வருகிறார்கள்.

ஆனால் விதி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: பழங்குடியினரிடம் நடத்தும் ஆய்வு அவர்களுக்குப் பயன் தருவதாக இருக்க வேண்டும். ஊருக்குள் நுழையும் முன் மாவட்ட ஆட்சியர் போன்ற உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். ஊர்ப் பெரியவர்களைக் கலந்து, அந்த மக்களின் பேச்சு மொழி தெரிந்தவரை வைத்துக்கொண்டு, சாட்சி முன்னிலையில் ஒப்புதல் பெற வேண்டும். ஊர்ப் பெரியவரே சரி என்றாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருளர் போன்ற மிகவும் நலிவுற்ற பழங்குடியினரில் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களைச் சேர்ப்பதைத் தவிர்க்கக் கூடுதல் கவனம் வேண்டும். மடித்து நீட்டிய அந்தக் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் இவற்றில் எது நடந்தது?

கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தத்தை, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது, மிஞ்சிய ரத்த மாதிரிகளும் திரும்ப வந்தன. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென்று ஆய்வு நெறிமுறையைத் தாங்களே எழுதி, அதற்கு உட்பட்டால் வாருங்கள் என்றார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பெற்றோர்களே, இது சிகிச்சையா ஆய்வா என்று முதலில் கேளுங்கள். படிவம் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் கையில் வராமல் கைநாட்டு வைக்காதீர்கள். பாதியில் விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. விலகினால் ரேஷனும் நிற்காது, ஆஸ்பத்திரியும் கதவடைக்காது.

வார்டன்களே, தலைமையாசிரியர்களே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்களிடம் விட்டிருக்கிறோம், அவர்களுக்குப் பதிலாகச் சம்மதிக்க அல்ல. மேலிருந்து வாய்மொழியாகச் சொன்னார்கள் என்ற சாக்கு இனி எடுபடாது.

மருத்துவ, செவிலிய மாணவர்களே, உங்கள் ஆய்வேட்டுக்கு மாதிரி எண்ணிக்கை குறைகிறது என்று மலையேறாதீர்கள். வந்தால் முடிவுகளோடு திரும்பி வந்து ஊரிடம் சொல்லுங்கள்.

மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும்: உங்கள் எல்லைக்குள் அனுமதி பெற்று நடக்கும் ஆய்வுகளின் பட்டியலை வெளிப்படையாக அறிவியுங்கள். சென்ற மாதம் எடுத்த ரத்தம் எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பதில் வராவிட்டால், அந்த ஆய்வுக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவிலிருந்து தேசியப் பழங்குடியினர் ஆணையம் வரை, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பெயரோடும் புகார் போகும்.

அக்கம்பக்கத்தாரே, இது மலைக்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். இன்று அவர்களிடம் கேட்காமல் எடுத்துப் பழகியவர்கள் நாளை உங்கள் வீட்டிலும் கேட்கமாட்டார்கள். அடுத்த முகாம் ஆட்டோ உங்கள் தெருவுக்கு வரும்போது, படிவத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லி நீங்களும் வந்து கூட நில்லுங்கள்.

இவண்,
பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்கள், செவிலியர்கள், வழக்கறிஞர்கள், பழங்குடிப் பட்டதாரிகள்