சார்ட் பேப்பரில் இல்லாத சாதி

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டால் வாத்தியார்களுக்குப் பயிற்சி தொடங்கிவிடும். வட்டார வளமையத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார வேண்டும். ரோஜாக் குழு, மல்லிகைக் குழு, காவிரிக் குழு என்று பிரிப்பார்கள். சார்ட் பேப்பர் வரும், ஸ்கெட்ச் பேனா வரும். மழைக் கைதட்டல், பட்டாசுக் கைதட்டல் என்று கைதட்டுவதிலேயே பலவகை. பதினொரு மணிக்கு டீ, வடை. சாயங்காலம் கையெழுத்து. கடைசி நாள் பின்னூட்டம்: ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது.’ முடிந்தது கதை.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. சொல்லப்போனால் வேறு யாரையும்விட நம் பிள்ளைகளுக்குத்தான் அது வேண்டும். வசதியுள்ளவன் பிள்ளை வாத்தியார் சரியில்லையென்றால் டியூஷனுக்குப் போகும். வளவிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு வாத்தியார்தான் பள்ளிக்கூடம், டியூஷன், நூலகம் எல்லாமே. அதனால்தான் கேட்கிறோம்: இத்தனை ஆண்டுப் பயிற்சிகளில் அந்தப் பிள்ளை எங்கே இருந்தது?

வரிசையாகப் பார்ப்போம். 1986 கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. சேலத்துக்கு உத்தமசோழபுரத்தில். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. பயிற்சிகளும் இரண்டாகப் பிரிந்தன. 2001-க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம், வளமையங்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள். 2007-இல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல். 2019-இல் மத்திய அரசின் ‘நிஷ்தா’. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’. ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. செயல்வழிக் கற்றல் பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தது. வாத்தியாரையும் பிள்ளைகளோடு தரையில் உட்காரச் சொன்னது. யார் யாரோடு ஒரே பாயில் உட்காருவது என்பது இந்த நாட்டில் சின்ன விஷயமா? ஆனால் அதைக் கற்பித்தல் முறை என்றுதான் சொன்னார்களே தவிர, சாதிக்கு எதிரான செயல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெறும் முறையாகவே வந்தது. பிறகு முறை மாறியபோது பாயும் சுருட்டப்பட்டது.

‘நிஷ்தா’ இணையவழிக்கு மாறியபோது தொடக்கநிலை ஆசிரியர்களுக்குப் பதினெட்டுக் கட்டகங்கள் வைத்தார்கள். பாலினத்துக்கு ஒன்று. கலைக்கு ஒன்று. கணினிக்கு ஒன்று. கொரோனாவுக்கும் ஒன்று. எல்லாம் தேவைதான். ஆனால் சாதி என்று தலைப்பிட்ட கட்டகம் எங்கே? ‘உள்ளடக்கிய கல்வி’ என்ற பெரிய போர்வைக்குள் அதையும் சேர்த்து மூடிவிட்டார்கள். நம் பயிற்சிகள் அடுக்குமுறைப் பயிற்சிகள். மாநிலத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு. மேல் குடத்தில் ஊற்றாதது கீழ்க் குடத்துக்கு எப்படி வரும்?

1995-ஐ மறந்துவிட முடியுமா தோழர்களே? இதே சேலம் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், சாதி இந்துக் குழந்தைகளுக்கென்று வைத்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஒரு தலித் சிறுமி ஆசிரியரிடம் அடி வாங்கி ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள் என்று தமிழகமே பேசியது. பள்ளி ஆசிரியர் என்றால் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமலா வேலை கிடைத்திருக்கும்? மனோதத்துவம் படித்து, மாதிரிப் பாடம் நடத்தி, தேர்வு எழுதி வந்தவர்கள்தான் நம் வாத்தியார்கள். பானையைப் பற்றி மட்டும் எந்தத் தாளிலும் கேள்வி வரவில்லை.

‘அதெல்லாம் அந்தக் காலமுங்க’ என்பார்கள். 2022-இல், பக்கத்து ஈரோடு மாவட்டத்தில், தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதற்குப் பிறகுதான் அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு பற்றியும், பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமைகள் பற்றியும், அவை தொடர்பான சட்டங்கள் பற்றியும் ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி தர வேண்டும் என்ற பரிந்துரையை எத்தனை பேர் கவனித்தோம்? பாய், பானை, விளக்குமாறு மூன்றையும் ஒரே வகுப்பறையில் வைத்துப் பேச அதில் வழி இருக்கிறது.

ஆனால் அதையும் ரோஜாக் குழு, மல்லிகைக் குழுவாக்கி, ‘சாதிகள் இல்லை’ என்று சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பாங்கியில் கிளார்க். எங்களுக்கும் பயிற்சி உண்டு. வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைக்கக் கற்றுத் தருவார்கள். ஸ்காலர்ஷிப் கணக்குத் தொடங்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய், நாற்காலி காலியாகக் கிடந்தும் ஏன் சுவரோரமாகவே நிற்கிறாள் என்று எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை. புன்னகையைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தக் காலி நாற்காலியைப் பற்றி யார் சொல்லிக்கொடுப்பது?

நான் சொல்ல வருவது இதுதான்: வாத்தியார்களைப் புத்தகம் படிக்க வைக்க வேண்டும். கற்பித்தல் பற்றிய புத்தகத்தை அல்ல, கற்பிக்கப்பட்டவர்கள் எழுதிய புத்தகத்தை. பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார்ந்து, அந்தச் சாக்கைத் தானே வீட்டுக்குச் சுமந்து, பியூன் வராத நாளில் தண்ணீரில்லாமல் தவித்ததை அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வகுப்பு நடக்கும்போது பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்க வைக்கப்பட்டதை ஓம்பிரகாஷ் வால்மீகி ‘ஜூட்டன்’ நூலில் எழுதினார். தேங்காய் திருடினாய் என்று பள்ளியில் பழி சுமத்தப்பட்டதை 1992-இல் ‘கருக்கு’வில் எழுதிய பாமா, பின்னால் தானே ஆசிரியரானவர். இவை நம் பிள்ளைகள் எழுதிய பின்னூட்டங்கள். பயிற்சியின் கடைசி நாள் எழுதுகிற பின்னூட்டம் மாதிரி அல்ல இவை.

இன்னொன்றும் உண்டு. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பள்ளியில், பெயிலாக்கப்பட்ட ஏழை விவசாயிகளின் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, 1967-இல் தங்கள் ஆசிரியைக்கு ஒரு கடிதத்தைப் புத்தகமாகவே போட்டார்கள். அழுது எழுதவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை பெயிலாகிறது, எந்த வீட்டுப் பிள்ளை மேலே போகிறது என்று கணக்கெடுத்து அட்டவணை போட்டுக் காட்டினார்கள். அதை இங்கே செய்ய முடியாதா? எமிஸில் விவரம் ஏற்றி ஏற்றி விரல் தேய்ந்துபோன ஆசிரியர்களிடம் அதே பதிவேட்டைத் திருப்பிக் கொடுங்கள். பள்ளிபாளையம் தறிப்பட்டறைக்கும், நாமக்கல் கோழிப்பண்ணைக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் எட்டாவதோடு போனவன் யார், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். இரண்டு நாள் போதும். கைதட்டல் தேவைப்படாது.

ஆசிரியர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விடுமுறை அவர்கள் உரிமை. அதைப் பிடுங்கிக்கொண்டு நடத்தும் பயிற்சியில் தூக்கம்தான் வரும். வேலை நாளில் நடத்துங்கள். ‘சாதியைப் பற்றிப் பேசினால் சாதி வளரும்’ என்பவர்களுக்கும் ஒன்று: பேசாமல் இருந்த இத்தனை காலம் அது தேய்ந்ததா? அந்த ஹாலிலேயே நம் ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டாவில் வந்தவர் என்ற முணுமுணுப்பைக் கேட்டும் கேட்காததுபோல டீ குடிக்கிறார்கள். புத்தகம் திறக்கப்பட்டால் முதலில் வாய் திறப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

நாமக்கல், ராசிபுரம் பக்கம் ‘கோழிப்பண்ணைப் பள்ளி’ என்று ஜனங்களே பேர் வைத்த விடுதிப் பள்ளிகளையும் விட்டுவிடக் கூடாது. அங்கே பயிற்சி என்றால் மார்க் காய்ச்சுகிற பயிற்சி. கல்வி உரிமைச் சட்டப்படி இருபத்தைந்து சதவீதத்தில் உள்ளே வருகிற நம் குழந்தையை எப்படி நடத்துவது என்று அந்த ஆசிரியர்களுக்கு யார் சொல்வது?

ஆகவே நம் வேலை மூன்று. சந்துரு குழுவின் பயிற்சிப் பரிந்துரையைத் தனியார் பள்ளி உட்பட எல்லாப் பள்ளிக்கும் அமல்படுத்தக் கோர வேண்டும். பயிற்சியில் கருத்தாளராக வளவிலிருந்து ஒரு தாயோ தகப்பனோ உட்கார வேண்டும். வால்மீகியின் கதையில் மகன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்தது அவன் அப்பாதான், எந்த அதிகாரியும் அல்ல. மூன்றாவது, உத்தரவு வரும்வரை காத்திராமல், பி.எட். படிக்கும் மாணவத் தோழர்கள் தங்கள் வட்டாரத்தில் பத்து ஆசிரியரையாவது கூட்டி ‘கருக்கு’வை வாசிக்கத் தொடங்க வேண்டும். பத்துப் பேர் வர மாட்டார்கள். மூன்று பேர் வருவார்கள். மூன்று பேர் என்றால் மூன்று வகுப்பறை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்த மூன்று வகுப்பறையிலாவது பானை ஒன்றாக இருக்கட்டும்.