செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது, பேட்டரியை ஏன் மாற்ற வேண்டும்?

மரக்காணம் பக்கம் கார் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மூட்டுவலிக்கு அடுத்தபடியாக வரும் புகார் இது: "காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆறேழு வினாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது." அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பதிலும் ஒன்றுதான். "பேட்டரி மாத்திட்டேன்."

மாற்றிய பிறகு சரியாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும்.

பழுது என்னவென்று பார்ப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டும். பார்க்காமல் மாற்றும் பாகத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அதனால் வீணாவது ஓய்வூதியப் பணம். போகட்டும் என்றால், நடுராத்திரியில் தேவைப்படும்போது வண்டியும் கைவிடுகிறது.

முதலில் செல்ஃப் சுற்றுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. செல்ஃப் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் அது மின்சாரம் சம்பந்தப்பட்ட கோளாறு. வழக்கம்போல் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கத் தாமதமானால் அது பெரும்பாலும் எரிபொருள், தீப்பொறி, சென்சார் சம்பந்தப்பட்டது. இரண்டாவது வகைக்குப் புது பேட்டரி போடுவது, பசிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றுவது போலத்தான். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் கார் ஓரிரு வினாடியில் பிடித்துவிடும். ஐந்து வினாடியைத் தாண்டினால் ஏதோ ஒன்று சொல்ல வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகையில் நம் கடற்கரைக்கென்று ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியும் கேட் கீலும் என்ன ஆகின்றன என்று உங்களுக்குத் தெரியும். அதே காற்றுதான் பானெட்டுக்குள்ளும் போகிறது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அது கண்ணுக்குத் தெரிவதால் யாராவது சுரண்டி விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருப்பது எர்த் ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிற தடித்த ஒயர் அது. அதன் போல்ட் அடியில் துரு பிடித்தால், எவ்வளவு நல்ல பேட்டரியாக இருந்தாலும் செல்ஃபுக்கு முழு மின்சாரம் போய்ச் சேராது.

இதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில்தான் குறை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வேஸலின் தடவினால் வேலை முடிந்தது. இதற்கு ஐயாயிரம் ரூபாய் பேட்டரி எதற்கு?

இரண்டாவது வகைக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்களுக்குத் தனிப் படிப்பு தேவையில்லை. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தெரியும் அல்லவா? அது கசிந்தால் ராத்திரியில் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டார் போட்டால் சும்மா சுற்றும். மேலே தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் இறைக்கும். உப்பளத்தில் உவர்நீர் இறைக்கும் டீசல் எஞ்சினிலும் இதே சங்கதி உண்டு. டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டால் ஆள் கைப்பிடியைச் சுற்றிக் களைத்துப் போவார். விவரம் தெரிந்தவர் வந்து நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தால் அடுத்த சுற்றிலேயே பிடித்துவிடும். யாரும் எஞ்சினை மாற்றச் சொல்வதில்லை.

பெட்ரோல் காரிலும் டாங்கிக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. அதிலும் ஃபுட் வால்வு மாதிரி ஒரு சின்ன வால்வு உண்டு. வண்டியை நிறுத்திய பிறகும் லைனில் பெட்ரோல் அழுத்தம் குறையாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. பல கார்களில் அந்த அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும். வால்வு கசிந்தால் இரவோடு இரவாக அழுத்தம் இறங்கிவிடும். காலையில் பம்ப் மறுபடி லைனை நிரப்பும்வரை செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய, செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பி மூன்று வினாடி நிறுத்துங்கள். பின்சீட்டுப் பக்கம் பம்ப் முனகும் சத்தம் லேசாகக் கேட்கும். மறுபடி 'ஆஃப்' செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டுச் செல்ஃப் கொடுங்கள். உடனே பிடித்தால், லைனில் அழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். அந்த வால்வோ, கசியும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தால் எது என்பது தெரிந்துவிடும். பழையபடியே தாமதமானால் வேறு இடத்தில் தேட வேண்டும். இரண்டு நிமிடத்தில் பாதி ஊகம் ஒழிந்துவிடுகிறது.

அடுத்த கேள்வி: காலையில் குளிர்ந்த எஞ்சினில் தாமதமா, ஓடி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் தாமதமா?

காலையில் மட்டும் என்றால், நான் சொன்ன அழுத்தக் குறையோடு வெப்பநிலை சென்சாரையும் சந்தேகிக்கலாம். அம்பாசிடரிலும் பழைய மாருதி 800-லும் நாம் கையால் இழுத்த 'சோக்' நினைவிருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போக வேண்டும் என்பதற்காக அது. இன்றைய கார்களில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சென்சார் சொல்வதை வைத்துத்தான் அது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. குளிர்ந்த எஞ்சினைச் சூடாக இருப்பதாகச் சென்சார் தவறாகச் சொன்னால் பெட்ரோல் போதாமல் போகும். ஸ்கேனரில் பாருங்கள். விடியற்காலையில் எஞ்சின் வெப்பநிலை 80 டிகிரி என்று காட்டினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்.

சூடாக இருக்கும்போது மட்டும் தாமதம் என்றால், இன்ஜெக்டர் கசிந்து பெட்ரோல் அதிகமாகியிருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் கொடுத்துப் பிடித்தால் சந்தேகம் பலப்படும். பல பெட்ரோல் கார்களில் அப்படி அழுத்தினால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி, உள்ளே தேங்கியதை வெளியேற்றும். கிராங்க் சென்சாரும் சூட்டில் தடுமாறக்கூடியது. செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் எஞ்சின் வேகம் பூஜ்யம் என்று காட்டினால் அங்கே பார்க்க வேண்டும்.

டீசல் கார் என்றால் கதை சற்று வேறு. நம் ஊர் வெயிலில் ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்வதற்கு முன் டீசல் லைனைப் பாருங்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் ஏறத்தாழ 150 முதல் 250 பார் எட்டும்வரை கம்ப்யூட்டர் டீசலைத் தெளிக்கவே விடாது. ஃபில்டர் அடைத்திருந்தாலும், குழாய் மூட்டில் காற்று இழுத்தாலும், இன்ஜெக்டர் வழியே டீசல் அளவுக்கு மேல் திரும்பிப் போனாலும் அந்த அழுத்தம் வர நேரமாகும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிச் சின்ன பாட்டிலில் பிடித்து ஒப்பிட்டால் எது கசிகிறது என்று தெரியும். நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனை செய்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரின் கதை இது. அவருடைய பெட்ரோல் கார் காலையில் பிடிக்க எட்டு வினாடி எடுத்தது. ஒரு பட்டறையில் பேட்டரி மாற்றினார்கள். பிறகு ஸ்பார்க் பிளக். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். 15,000 ரூபாய்க்கு மேல் போன பிறகும் எட்டு வினாடி எட்டு வினாடியாகவே இருந்தது. கடைசியில் வேறொரு மெக்கானிக் பிரஷர் கேஜ் போட்டார். வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் முள் கீழே இறங்கியது. டாங்கிக்குள் இருந்த பம்ப்தான் காரணம். அந்தச் சோதனைக்கு அவர் கேட்ட கூலி 500 ரூபாய். நண்பர் அதற்குப் பேரம் பேசினார்! அதைக் கேட்டபோதுதான் இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஏன் இப்படி? பாகம் கண்ணுக்குத் தெரிகிறது. பில் இருக்கிறது, கையில் பழையதைக் கொடுக்கிறார்கள். பார்த்துச் சொன்ன அறிவுக்கு எடையும் இல்லை, டப்பாவும் இல்லை. அதனால் "சும்மா பார்த்ததுக்கு எதுக்குய்யா காசு?" என்று கேட்கிறோம். டாக்டரிடம் அப்படிக் கேட்போமா? ரத்தப் பரிசோதனை பார்க்காமல் மூன்று மருந்து மாற்றிக் கொடுத்தால் அவரை நல்ல டாக்டர் என்போமா? பார்ப்பதற்குக் கூலி கிடைக்காத மெக்கானிக், பாகம் விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க நேரமும் கருவியும் செலவாகும். அதற்கு யாரும் பணம் தராத ஊரில் யார் சோதிப்பார்கள்?

"எல்லாம் 20 சதவீத எத்தனால் பெட்ரோலால் வந்த வினை" என்று முடித்துவிடுவோரும் உண்டு. பழைய கார்களின் ரப்பர் பாகங்களுக்கு அது ஒத்துவருமா என்ற கவலை நியாயமானதே. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதும் உண்மைதான். ஆனாலும் அழுத்தம் பார்க்காமல் பெட்ரோலைத் திட்டுவதும் ஊகம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். பத்து வினாடிக்கு மேல் செல்ஃபைத் தொடர்ந்து சுற்றாதீர்கள். மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்குச் செல்ஃபே கொடுக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் பகுதி பட்ட பாடு மறந்திருக்காது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், நமக்குக் கார் என்பது பெருமைக்கு வைத்திருக்கும் பொருள் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் புதுச்சேரியோ திண்டிவனமோ போக வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். 108-ஐ அழைப்பதே முதல் வேலை. ஆனால் அது வந்து சேரத் தாமதமானால் வாசலில் நிற்கும் வண்டிதான் துணை. இன்று ஆறு வினாடி எடுக்கும் வண்டி அன்று பிடிக்காமலே போகலாம்.

ஆகவே அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை வினாடி, காலையிலா சூட்டிலா, செல்ஃப் வேகமா மெதுவா, சாவியை மூன்று முறை 'ஆன்' செய்தால் மாற்றம் உண்டா. மெக்கானிக்கிடம், "தம்பி, எதை அளந்து பார்த்தீங்க, எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லிப் பதில் சொல்பவரை விடாதீர்கள். அவர் கேட்கும் சோதனைக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.