கோர்ஸ் திறந்தாச்சு... சம்பளம் யார் தருவது?

புது கோர்ஸ் என்றால் வாழைமரம் கட்டுகிறார்கள். ரிப்பன் வெட்டுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். கணக்கு மட்டும் யாரும் கேட்பதில்லை!

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் டீக்கடை போடுகிறவர்கூட அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, மாஸ்டருக்குக் கூலி எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் பாய்லரைப் பற்ற வைக்கிறார். பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கணக்கு வேண்டாமா?

வேண்டாம் என்று இருந்தால் என்ன ஆகும் என்பது சிதம்பரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. 1979-ல் தபால் வழிப் படிப்பு வந்தது. 1980-ல் பல் மருத்துவம், 1985-ல் மருத்துவக் கல்லூரி. தபால் படிப்புக்கு வெளி மாநிலங்களில் இருந்தெல்லாம் பணம் வந்தது. ஆளும் சேர்ந்துகொண்டே போனது. சம்பளப் பட்டியலில் 12 ஆயிரம் பேருக்கு மேல்!

2012 கடைசியில் சம்பளத்தைக் குறைக்கப் போகிறோம் என்றது நிர்வாகம். ஊழியர்கள் போராட்டத்தில் குதித்தார்கள். 2013 ஏப்ரலில் ஷிவ்தாஸ் மீனா ஐ.ஏ.எஸ்.ஸை நிர்வாகியாகப் போட்டது அரசு. அதே வருஷம் தனிச் சட்டம் போட்டு பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டது. அதிகப்படி ஆட்களை வேறு அரசு ஆபீசுகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். பாதி வயசில் ஊர் மாறிப் போன குடும்பங்கள் எத்தனை!

பணம் தந்த தபால் படிப்பும் நிலைக்கவில்லை. அதற்கு அங்கீகாரம் 2014-15 வரைக்கும்தான் என்று யு.ஜி.சி. 2022 மார்ச்சில் எச்சரிக்கை விட்டது.

40 பேர் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 40 பேர், ஆளுக்கு வருஷம் 20 ஆயிரம் ரூபாய் பீஸ் என்று வையுங்கள். மொத்தம் 8 லட்சம். புதுசாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. அடிப்படைச் சம்பளமே மாதம் 57,700. வருஷத்துக்கு 6 லட்சத்து 92 ஆயிரத்து 400. அகவிலைப்படி சேர்த்தால் ஒரே ஆளுக்கு 8 லட்சமும் காலி! லேப், லைப்ரரி, கரண்ட், வாட்ச்மேன் எல்லாம் இன்னும் பாக்கி.

மாணவன் மூணு வருஷத்தில் போய்விடுவான். வாத்தியார் முப்பது வருஷம் இருப்பார். இதைத்தான் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

சில இடங்களில் குறுக்கு வழி: கௌரவ விரிவுரையாளர். பேரில்தான் கௌரவம்!

இன்னொரு வழி, பையன் தலையில் கட்டுவது. அதையும் சிதம்பரத்தில் பார்த்தோம். அரசு எடுத்த பிறகும் எம்.பி.பி.எஸ். பீஸ் வருஷம் 5 லட்சத்து 44 ஆயிரம். மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610. மாணவர்கள் 50 நாளுக்கு மேல் போராடினார்கள். 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்குப் போனது. அப்புறம்தான் பீஸ் இறங்கியது. மிச்சத்தைக் கஜானா ஏற்றது. கஜானா என்றால் நம்ம வரிதான்.

அதற்காக நஷ்டப் படிப்பை எல்லாம் மூடச் சொல்லவில்லை. தமிழும் இசையும் என்றைக்கு லாபம் தந்தது? அந்த ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் எங்கே போகும்? நஷ்டம் வரட்டும். அதை யார் தாங்குவது என்று முதலிலேயே சொல்லட்டும்.

கிரைம் செய்தி எழுதுகிறவனுக்குத் தெரிந்த முதல் கேள்வி இதுதான்: பணம் எங்கேயிருந்து வந்தது, எங்கே போகுது?

புது கோர்ஸுக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு தாள் போதும். பத்து வருஷ வரவு, பத்து வருஷ செலவு, பாதி சீட் காலியானால் துண்டு விழுவதைக் கட்டப்போவது யார். அட்மிஷன் நோட்டீஸ் பக்கத்திலேயே அதையும் ஒட்டட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்ளிகேஷன் வாங்க வரும் அப்பாவும் படித்துப் பார்க்கட்டும்.