பட்டாளத்துக்கு ஒரு பெயர்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் நந்தியைப் பார்த்து, கோபுர நிழல் தரையில் விழுகிறதா என்று சர்ச்சை பண்ணிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறார்கள். கல்வெட்டுப் பக்கமும் கொஞ்சம் போய் வாருங்கள். 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்', 'மும்முடிச் சோழத் தெரிந்த பரிவாரத்தார்' என்று ராஜராஜனின் படைப்பிரிவுகள் பெயரோடு இருக்கின்றன. ராஜாவின் பட்டப்பெயர்தான் ரெஜிமெண்டின் பெயர். ஆயிரம் வருஷமாச்சு. படை போய்விட்டது, பெயர் போகவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஸ்காட்லாந்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, சாம்ராஜ்யமும் சுருங்கியதும், பிரிட்டன் 1957-லிருந்து தன் காலாட்படை ரெஜிமெண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்க ஆரம்பித்தது. 1968-ல் 'ஆர்கைல்' ரெஜிமெண்டையே கலைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான், பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து! நடுவில் ஒரே கம்பெனியாகச் சுருங்கினாலும், 1972-ல் மறுபடி முழுப் பட்டாளமாகிவிட்டது.

நம்ம மெட்ராஸ் சிப்பாய்க்கு யார் கையெழுத்து வாங்கினார்கள்?

1758-லிருந்து கம்பெனிக்காகச் சண்டை போட்டவர்கள் இவர்கள். 1881-ல் மெட்ராஸ் படைக்குத் தளபதியாக வந்த ராபர்ட்ஸ் துரைக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. ரொம்ப நாள் அமைதியாக இருந்து தெற்கத்தியானின் போர்க்குணம் மழுங்கிவிட்டது என்பது அவர் கட்சி. முதல் உலகப் போருக்குப் பின் 1922-ல் சீரமைப்பு என்றார்கள். மிச்சமிருந்த கர்னாடிக், வாலாஜாபாத் பட்டாளங்களைச் சேர்த்து '3-வது மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு, 1928-க்குள் அதன் நிரந்தரப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தும் விட்டார்கள். கஜானாவில் பணமில்லை என்பது ஒரு காரணம். 'போர்க்குல' தத்துவம் இன்னொன்று. வடக்கே சிலர் பிறவி வீரர்களாம். சோறு தின்கிறவன் கணக்கில் வரமாட்டானாம். இலங்கை வரை போய் ஜெயித்த ராஜராஜன் படை என்ன, சப்பாத்தியா தின்றது?

அப்புறம் ஹிட்லர் வந்தார், ஜப்பான்காரன் வந்தான். ஆள் பற்றாக்குறை. 1940-களின் ஆரம்பத்தில் அதே மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அதே ஊர், அதே சோறு, அதே மனுஷன். பர்மா காட்டில் போய்ச் சண்டை போட்டான். பதினைந்து வருஷத்துக்குள் ரத்தமா மாறிவிட்டது? மாறியது தேவை மட்டும்தான். ஆள் வேண்டாதபோது 'லாயக்கில்லை', வேண்டும்போது 'வாப்பா தம்பி'.

சுதந்திரத்துக்குப் பிறகு யாரும் அந்தப் பெயரில் கை வைக்கவில்லை. ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. அவர்களின் போர் முழக்கம்: "வீர மதராஸி, அடி கொல்லு! அடி கொல்லு!"

ராபர்ட்ஸ் துரை கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.