சூடு தாங்கும் காந்தம்



ஓடாத பழைய ஹார்டு டிஸ்க் வீட்டில் கிடந்தால் ஸ்குரூ டிரைவரால் திறந்து பாருங்கள். உள்ளே பிறை வடிவில், பளபளவென்று ஒரு காந்தத் துண்டு இருக்கும். பீரோ கதவில் ஒட்டினால் பிய்த்தெடுப்பதற்குள் நகம் போய்விடும். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது அது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கியது. இன்று மின்சார ஸ்கூட்டர்கள் பெரும்பாலும், காற்றாலைகள் பலவும் இதை நம்பித்தான் சுழல்கின்றன.

ஆனால் இதற்குச் சூடு ஆகாது. சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினாலே தளரத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் இரண்டு பேரைச் சுமந்து மேம்பாலம் ஏறும் மோட்டாருக்கு அது எப்படிப் போதும்? அதனால்தான் டிஸ்ப்ரோசியம் என்ற இன்னோர் உலோகத்தைக் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள்.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா பிடியை இறுக்கியது இந்தக் கொஞ்சத்தில்தான். டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களும் அவை கலந்த காந்தங்களும் இனி உரிமம் இல்லாமல் வெளியே போகாது என்றது. நியோடிமியம் அந்தப் பட்டியலிலேயே இல்லை! அடுத்த மாதம் காந்தம் கிடைக்காமல் சிகாகோவில் ஃபோர்டு கார் ஆலை ஒரு வாரம் நின்றது.

'நம் கன்னியாகுமரி மணலில் இல்லாததா?' என்று கேட்கத் தோன்றும். நியோடிமியம் இருக்கிறது, மோனசைட் என்ற கனிமத்தில். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். அவருக்கு வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம், கேஸ் விளக்கு மாண்டிலுக்காக. அந்த மாண்டிலைக் கண்டுபிடித்த ஆயர் வான் வெல்ஸ்பாக்தான் 1885-இல் நியோடிமியத்தையும் பிரித்துக் காட்டியவர் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் டிஸ்ப்ரோசியம் நம் மோனசைட்டில் மிகச் சொற்பம். அது பெரும்பாலும் தென்சீனக் களிமண்ணிலிருந்தும் மியான்மரின் கச்சின் மலைகளிலிருந்தும்தான் வருகிறது. கச்சினில் மலைச்சரிவில் துளை போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றுகிறார்கள்; கரைந்து கீழே வடிவதைத் தொட்டிகளில் பிடிக்கிறார்கள். ஓடைகள் பாழானதுதான் ஊர்க்காரர்களுக்கு மிச்சம். 2024 அக்டோபரில் அங்குள்ள பாங்வா ஊரைக் கிளர்ச்சிப் படையான கச்சின் விடுதலைப் படை பிடித்ததும் சீனாவுக்கே வரத்து தடுமாறியது.

ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் தந்தது. நல்ல காரியம். மணலிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று அடுத்தடுத்த ஆலைகள் இல்லாததுதான் நம் பெரிய குறை. ஆனால் ஆலைகள் எழுந்த பிறகும் டிஸ்ப்ரோசியத்துக்கு வெளியில்தான் கையேந்துவோம். 2010-இல் சீனா ஏற்றுமதியைத் தடுத்ததில் பட்ட பாட்டுக்குப் பிறகு ஜப்பான், டிஸ்ப்ரோசியத்தைக் காந்தத் துகள்களின் ஓரங்களில் மட்டும் ஊடுருவவிட்டுச் சிக்கனம் பிடிக்கும் முறையை அதிகம் கைக்கொண்டது. நாம் முதலில் கற்க வேண்டியது அதைத்தான்.

கன்னியாகுமரியின் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். தோரியத்தின் கதிர்வீச்சைப் பற்றிய அவர்கள் அச்சத்தை, 'நாட்டுக்குக் காந்தம் வேண்டாமா?' என்ற ஒற்றைக் கேள்வியால் அடக்கிவிட முடியாது. எந்த உலோகம் எவ்வளவு கிடைக்கும், எந்தக் குறை அதனால் தீரும் என்று அரசு அவர்களிடம் கணக்கு சொல்லட்டும். அந்தக் கரையில் வாழும் வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். சுருக்காமல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்