நீரிணையின் வடக்கு வாசல்

ஃபெர்ரியில் ஏறியதும் கைப்பேசியை எடுத்துவிடுகிறோம். அடுத்த முறை கொஞ்சம் தண்ணீரையும் பாருங்கள். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர்தான். பிறை ஆறு கலக்கும் இந்த நீரிணையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி வற்றுகிறது. தெற்குப் பக்கம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்களுக்கு வடக்கு வாசல்தான் வழி. பினாங்கு மலை பருவக்காற்றை மறைத்து நிற்பதால், துறைமுகத்துக்கு அருமையான இடம்.

அந்தப் பாதுகாப்பு எண்ணத்தை முதலில் உடைத்தது 'எம்டன்'. ஆமாம், கெட்டிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்கிறோமே, அதே ஜெர்மானியக் கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அக்டோபர் 28 விடியலில் இங்கே வந்தது. பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய, போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு வடக்கு வாசல் வழியாகவே நுழைந்தது. நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் 'ஜெம்சுக்' மூழ்கியது. அதன் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் 'மூஸ்கே'யும் பலியானது. உயிரிழந்த ரஷ்ய மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நினைவுச்சின்னம் உண்டு.

அடுத்த போரில் ஆபத்து வானத்திலிருந்து வந்தது. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, சனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழுந்த பிறகுதான் ஓடினார்கள். 16ஆம் தேதி இரவு ஆங்கிலேயர்கள் தங்களவர்களை மட்டும் கப்பலேற்றிக் கிளம்பிவிட்டார்கள். ஊர் மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒலிவாங்கி முன் உட்காரும் எனக்கு இதுதான் உறுத்துகிறது. வானொலி நிலையம் ஊரிலேயே இருந்தது. மக்களுக்குச் சேதி சொல்ல அதைப் பயன்படுத்தவில்லை. போகும்போது அழிக்கவும் இல்லை. பிறகு ஜப்பானியர்கள் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரைக் கேலி செய்தார்கள்.

கைவிடப்பட்ட ஊருக்கு ஆளாக நின்றவர்களில் ஒருவர் நம்மவர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். இனியும் குண்டு விழுந்து உயிர் போகக்கூடாது என்பதே நோக்கம். 19ஆம் தேதி ஜப்பானியர்கள் தீவில் கால் வைத்தார்கள். பின்னர் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் ஸ்வெட்டன்ஹாம் துறையில் வந்து நின்றன.

பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனால், ஸ்ரீ ரம்பை பீரங்கியோடு படம் எடுத்த பிறகு, கொடிக்கம்பத்தைக் காட்டி இந்தப் பெயரையும் சொல்லுங்கள்.